ஏற்றிய பிறகு திறந்து பார், மகள்

மகள், ஞாயிறு பூசை முடிந்து மண்டபத்தில் ரோல்ஸும் தேத்தண்ணியுமாக நிற்கிற சனம் முழுக்க வாசிக்கப்போகிறது என்று தெரிந்துகொண்டுதான் உனக்கு இதை எழுதுகிறேன். போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் நீ "ஓம் அப்பா, ஓம் அப்பா, லவ் யூ, பை" என்று இரண்டு நிமிடத்தில் முடித்துவிடுவாய். நானும் சொல்ல வந்ததை விழுங்கிவிட்டு, அபர்டீனில் குளிர் எப்படி என்று கேட்பேன். சொல்ல வேண்டியதை விட்டுவிட்டு வேறு எதையாவது கேட்பதில் உன் அப்பனை வெல்ல இந்த லண்டன் கோலியர்ஸ் வுட்டில் ஆள் கிடையாது. இது ஏன் உறைக்குள் போட்டு உன் பெயருக்கு மட்டும் வராமல் எங்கள் கத்தோலிக்கக் கோயிலின் பங்கு மலரில் வருகிறது என்பது போகப்போக உனக்கு விளங்கும்.

உன் கலியாணம் முடிந்து, நீயும் மருமகனும் ஸ்கொட்லாந்துக்கு வெளிக்கிடுவதற்கு முதல் நாள், சாப்பாட்டு மேசையில் வைத்து நீதான் கதையைத் தொடங்கினாய். "அப்பா, கோயில் வெப்சைற்றை இனி நான் பாக்கிறன். நீங்கள் உங்கட கண்ணைப் பாருங்கோ" என்றாய். அம்மா உடனே, "இருவது வருசமா இந்த மனிசன் அந்த வெப்சைற்றைக் கட்டிப்பிடிச்சுக்கொண்டு கிடக்கு. இனியாவது என்னைப் பாக்கட்டும்" என்றார். "கண் தெரியாமல் போற நேரத்திலயோ பாக்கச் சொல்லுறீர்?" என்று நான் கேட்டேன். மூன்று பேரும் சிரித்தோம். அந்தச் சிரிப்புக்குள் நான் ஒரு விஷயத்தை மறைத்தேன். உன்னிடம் வெப்சைற்றைத் தருவதென்றால் அதற்குள் கிடக்கும் எல்லாவற்றையும் தர வேண்டும். அதற்குள் ஒரு போல்டர் இருந்தது. பதினொரு வருடமாக நான் ஒருவருக்கும் திறந்து காட்டாத போல்டர்.

முதலில் வேலையைச் சொல்லித்தருகிறேன். மற்றது அதற்குள்ளேயே வரும். நீ ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிற பிள்ளை. என்னைவிடப் பத்து மடங்கு படித்தவள். ஆனால் உங்கள் வயதுக்காரருக்கு எல்லாம் போனிலேயே நடக்கிறது. ஒரு படம் உண்மையில் எங்கே இருக்கிறது என்று கேட்டால், "அதுக்குள்ளதான்" என்று போனைத் தூக்கிக் காட்டுவீர்கள். எஃப்.ரி.பி. என்பது அப்படியல்ல. இணையத்தின் வழியாக ஒரு கணினியிலிருந்து இன்னொரு கணினிக்குக் கோப்புகளை நாமே தூக்கிக் கொடுக்கிற வேலை. அந்தப் புரோகிராமைத் திறந்தால் இரண்டு பக்கம் தெரியும். இடது பக்கம் எங்கள் வீட்டுக் கணினி. வலது பக்கம் சேர்வர், அதாவது கோயில் வெப்சைற் குடியிருக்கும் பெரிய கணினி. இடமிருந்து வலம் இழுத்தால் ஏற்றுகிறாய். வலமிருந்து இடம் இழுத்தால் இறக்குகிறாய். எனக்கு இப்போது வந்திருக்கும் கண் வருத்தமே இந்த இடத்தில்தான். கண்ணுக்குள் அழுத்தம் என்றார்கள். நேரே தெரியும், பக்கவாட்டில் தேய்ந்துகொண்டு போகும். இடது பக்கத்தைப் பார்த்தால் எனக்கு வலது பக்கம் இல்லை. போன பாஸ்கா, அதுதான் ஈஸ்ரர் காலத்தில் புதிய பூசை நேர அட்டவணைக்கு மேல் போன வருடத்து அட்டவணையை ஏற்றிவிட்டேன். ஒரு கூட்டம் சனம் வெள்ளைச் சேலையும் குடையுமாக வந்து பூட்டிய கதவைப் பார்த்துக்கொண்டு மழையில் நின்றது. அதே பெயரில் கோப்பு ஏற்கெனவே அங்கே இருக்கிறது, மேலெழுதவா என்று புரோகிராம் என்னிடம் கேட்டது. நான் "ஓம்" கொடுத்தேன். நீ கொடுக்காதே. அந்தக் கேள்வி வந்தால் கையை மவுஸிலிருந்து எடு. இரண்டு கோப்பின் திகதியையும் அளவையும் பார். பழையதை முதலில் இறக்கி ஒரு பக்கத்தில் வைத்துவிட்டு, பிறகு ஏற்று.

எனக்கு இதைச் சொல்லித்தந்தவர் அருள்ராஜ். உனக்குத் தெரியும், நாகர்கோவில்காரர், ஸ்ட்ரெதமில் இருப்பவர், கம்பியூட்டர் வேலை செய்பவர். நான் பள்ளிக்கூடத்தில் ஓ/எல் சோதனை வரைக்கும் படித்தவன். கணக்கில் வந்த 'சி' கூட வாத்தியாரின் இரக்கத்தில் வந்தது. பெற்றோல் ஸ்ரேசனில் காசுப்பெட்டியடியில் ரில் அடித்துக்கொண்டிருந்த என்னைப் பிடித்து, "கோயிலுக்கு ஒரு வெப்சைற் வேணும், நீர்தான் பாக்கவேணும்" என்று அப்போதிருந்த பங்குச் சுவாமி சொன்னபோது, எனக்குப் பெருமையில் காது கேட்கவில்லை. அருள்ராஜ் மண்டபத்தில் வைத்து ஒரு சனிக்கிழமை படிப்பித்தார்.

"அண்ணே, தபால் மாதிரி நினைச்சுக்கங்க. வெறும் எஃப்.டி.பி.ங்கறது போஸ்ட் கார்டு. போற வழியில யாரு வேணாலும் படிக்கலாம், உங்க பாஸ்வேர்டையும் சேத்து."

"அப்ப என்ர பாஸ்வேர்டை வாசிச்சுச் சிரிப்பாங்களே தம்பி?"

"என்ன பாஸ்வேர்டு வச்சிருக்கீங்க?"

"அது சொல்லப்படாது எண்டு நீங்கள்தானே இப்ப சொன்னனீங்கள்."

அவர் தலையில் கைவைத்தார். அன்று அவர் சொன்னதை அப்படியே சொல்கிறேன். முன்னால் ஒரு 'எஸ்' உள்ள எஸ்.எஃப்.ரி.பி.யைத்தான் பாவிக்க வேண்டும். அது ஒட்டிய உறை. போர்ட் என்ற கட்டத்தில் இருபத்திரண்டு போடு. முதல்தடவை இணையும்போது சேர்வர் தன் கைரேகை என்று எழுத்தும் இலக்கமுமாக ஒரு நீள வரியைக் காட்டும். சேர்வரில் இடம் தந்த கொம்பனி அனுப்பிய வரியும் அதுவும் ஒன்றா என்று பார்த்துவிட்டு ஏற்றுக்கொள். பிறகு ஒருநாள் திடீரென்று கைரேகை மாறிவிட்டது என்று சொன்னால், அவசரப்பட்டு ஒத்துக்கொள்ளாதே. கொம்பனிக்கு போன் பண்ணிக் கேள். எப்போதாவது பழைய எஃப்.ரி.பி.யைத் தொட வேண்டி வந்து, அது இணைந்துவிட்டேன் என்று சொல்லிவிட்டுப் பட்டியலைக் காட்டாமல் முழித்துக்கொண்டிருந்தால், 'பசிவ்' என்ற முறைக்கு மாற்றிப் பார். பெரும்பாலும் வந்துவிடும். பாஸ்வேர்டைச் சுவரில் எழுதாதே. நான் குசினியில் தொங்கிய மளிகைக்கடைக் கலண்டரில், மார்ச் மாதத்தின் ஓரத்தில் எழுதிவைத்தேன். மார்ச் முடிந்ததும் அம்மா மார்ச்சைக் கிழித்தார். கோயிலின் பாஸ்வேர்ட் கவுன்சிலின் ரீசைக்கிளிங் லொறியில் ஏறிப் போய்விட்டது.

கோப்புகளுக்குப் பெயர் வைப்பதிலும் நான் பட்டுத்தான் தெளிந்தேன். தமிழில் அழகாகப் பெயர் வைத்து, நடுவில் இடமும் விட்டு ஏற்றினால், சில சேர்வர் அதைக் கேள்விக்குறிகளாக மாற்றி வைத்திருக்கும். ஆங்கிலச் சின்ன எழுத்து, இலக்கம், நடுவில் ஒரு கோடு, இவ்வளவு போதும். பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் எங்கள் வீட்டுக் கணினிக்கு ஒன்றுதான். சேர்வருக்கு இரண்டு வேறு ஆட்கள். இன்னொன்று, யார் எழுதலாம், யார் வாசிக்கலாம் என்கிற அனுமதி இலக்கம். கோப்புக்கு அறுநூற்று நாற்பத்துநான்கு, போல்டருக்கு எழுநூற்று ஐம்பத்தைந்து. ஒரு பக்கம் ஒழுங்காகத் தெரியவில்லை என்று நான் எரிச்சலில் எல்லாவற்றுக்கும் எழுநூற்று எழுபத்தேழு போட்டேன். அது வீட்டுக் கதவைத் திறந்துவைத்துவிட்டு வேலைக்குப் போவது மாதிரி. மூன்றாம் நாள், நல்ல கட்டுமஸ்தான ஆளாக வாழ்ந்து மறைந்த எங்கள் பாட்டுக்குழு மாஸ்ரரின் நினைவுப் பக்கத்தில், அவருடைய படத்துக்குக் கீழே, உடம்பு மெலிகிற மாத்திரைக்கு விளம்பரம் வந்து நின்றது. மாஸ்ரரின் மனைவி போன் எடுத்து, "அவர் இருக்கேக்க நான் சொல்லியும் கேக்கேல்லை, இனி என்னத்துக்கு?" என்றார். அந்த மனுசி சிரித்ததால் நான் தப்பினேன். எல்லாத் தவறும் சிரிப்போடு முடியவில்லை, மகள்.

நினைவு மலர் செய்வது என் பொறுப்பாக இருந்தது உனக்கு ஞாபகம் இருக்கும். ஒருவர் இறந்து முப்பத்தோராம் நாள் பூசைக்கு, அவருடைய வாழ்க்கையும் குடும்பப் படங்களும் செபங்களும் போட்டு ஒரு சின்னப் புத்தகம் அடித்துக் கொடுப்போம். படங்களை நான் ஸ்கான் பண்ணிச் சேர்வரில் ஏற்றுவேன்; அச்சுக்காரர் அங்கிருந்து எடுப்பார். பதினொரு வருடத்துக்கு முன், மன்னாரைச் சேர்ந்த சவிரி அண்ணை மாரடைப்பில் போனார். வியாழக்கிழமை பின்னேரம் அவருடைய மனைவி றீற்றா அக்கா எங்கள் வீட்டுக்கு வந்தார். கைப்பைக்குள் பொலித்தீன் சுற்றிய ஒரு படம். அவர்களுடைய ஒரே மகன் ஜெறோம், சின்ன வயதில் முதன்முதலாக நற்கருணை வாங்கி, புதுநன்மை எடுத்த அன்று எடுத்தது. வெள்ளைச் சேட்டு, எண்ணெய் வைத்து வகிடு பிரித்த தலை, இரண்டு கையாலும் பிடித்த மெழுகுதிரி. பதினேழு வயதில் அந்தப் பிள்ளை இல்லாமல் போனான். எப்படி என்று அவர்கள் சொன்னதில்லை, நாங்களும் கேட்டதில்லை. முகாமுக்குள்ளும், கொழும்பிலும், விமானத்திலும் அந்தப் படம் சவிரி அண்ணையின் சட்டைப்பையில்தான் இருந்தது. வேறு படம் அவர்களிடம் இல்லை.

"தம்பி, மடிச்ச கோடு கண்ணுக்குக் கிட்ட வந்திட்டுது. இனியும் மடிச்சா முகம் போயிடும்" என்றார் அக்கா.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "அக்கா, இனி இதுக்கு அழிவே இல்லை. நெருப்பு வந்தாலென்ன வெள்ளம் வந்தாலென்ன, இன்ரர்நெற்றில கிடக்கும். நான் இருக்கிறன்" என்றேன். கம்பியூட்டர் தெரிந்தவன் என்று நாலு பேர் சொல்ல ஆரம்பித்திருந்த காலம். ஸ்கான் பண்ணிப் படத்தை அவரிடம் திருப்பிக் கொடுத்து அனுப்பிவிட்டு, ஏற்றுவதற்கு உட்கார்ந்தேன். இனிச் சொல்லப்போவதுதான் இந்தக் கடிதத்தில் நீ மறக்கக் கூடாத விஷயம். கோப்பு அனுப்புவதற்கு இரண்டு முறை உண்டு. ஒன்று எழுத்து முறை, மற்றது பைனரி முறை. எங்கள் கணினியும் சேர்வரும் ஒரு வரி முடிவதை வேறு வேறு அடையாளத்தால் குறிக்கும். எழுத்து முறையில் அனுப்பினால், புரோகிராம் வழியிலேயே அந்த அடையாளங்களை எடுத்துத் திருத்திக்கொண்டு போகும். கடிதத்துக்கு அது நல்லது. படத்துக்கு வரி ஏது? படத்துக்குள் தற்செயலாக அந்த அடையாளம் போலக் கிடக்கும் துண்டுகளையும் அது பிடுங்கி எறிந்துவிடும். படம், பாட்டு, வீடியோ, பி.டி.எஃப் எல்லாம் பைனரி முறையில்தான் போக வேண்டும். எஸ்.எஃப்.ரி.பி.யில் பெரும்பாலும் இந்தத் தொல்லை இல்லை, ஆனாலும் ஒருதரம் பார்த்துக்கொள். அருள்ராஜ் சொல்லியும் கேளாமல் அன்று நான் பாவித்தது வெறும் எஃப்.ரி.பி. முதல்நாள் செபங்களை ஏற்றுவதற்காக எழுத்து முறையில் வைத்ததை மாற்றாமலே விட்டிருந்தேன்.

அதுகூடப் பிழையில் பாதிதான். என் கணினியில் இடம் இல்லாமல் இருந்தது. பழைய கிரிக்கெற் ஆட்டங்களை இறக்கி அடுக்கி வைத்திருந்தேன். அவற்றை அழிக்க மனம் வரவில்லை. அதனால் படத்தைப் பிரதி எடுக்காமல், "நகர்த்து" என்பதைக் கொடுத்தேன். அது சேர்வருக்குப் போனதும் எங்கள் பக்கத்தில் தானாக அழிந்துவிடும். கிரிக்கெற்றை வைத்துக்கொண்டு ஜெறோமை அழித்தேன். வலது பக்கத்தில் பெயர் வந்ததும் எழும்பித் தேத்தண்ணி குடிக்கப் போய்விட்டேன். அழிக்க முன், இரண்டு பக்கத்திலும் அளவை ஒப்பிட்டிருந்தால் வலது பக்கத்தில் சொற்பம் குறைந்திருக்கும். அந்தக் குறைவே எனக்குச் சொல்லியிருக்கும். ஏற்றியதைத் திரும்ப இறக்கித் திறந்து பார்த்திருந்தால், அக்கா பஸ்ஸில் வீடு போய்ச் சேர முன்னமே கூப்பிட்டுப் படத்தைத் திரும்ப வாங்கியிருக்கலாம். ஒரு நிமிட வேலை.

சனிக்கிழமை அடக்கம். பெட்டி மூடுவதற்கு முன் றீற்றா அக்கா கைப்பையைத் திறந்து அந்தப் பொலித்தீன் சுற்றிய படத்தை எடுத்தார். சவிரி அண்ணையின் கோட்டை விலக்கிச் சட்டைப்பையைத் தேடினார். பிறகு திரும்பி, கூட்டத்துக்குள் என்னைக் கண்டு, "தம்பி, உங்கட கொம்பியூட்டரில இருக்குத்தானே? அப்ப இது அவரோட போகட்டும். பொக்கற்றில வைச்சே பழகின மனிசன்" என்றார். மகள், நான் அந்த இடத்தில் நின்றேன். எனக்கு முன்னால் இரண்டு பேர். ஏற்றியதை நான் திறந்து பார்க்கவில்லை என்பது அந்த நேரம்தான், ஊசி குத்தியது மாதிரி, மனதில் பட்டது. "ஒரு நிமிசம் பொறுங்கோ அக்கா." இவ்வளவுதான் சொல்ல வேண்டியிருந்தது. சுவாமி நிற்கிறார், சனம் நிற்கிறது, இவன் என்ன கம்பியூட்டர்காரன் என்று நினைப்பார்கள் என்று இருந்தது. நான் தலையை ஆட்டி, "ஓம் அக்கா, இருக்கு" என்றேன். பெட்டியை மூடினார்கள்.

திங்கட்கிழமை இறக்கித் திறந்தேன். வகிடு பிரித்த தலைமயிர் தெரிந்தது. நெற்றி தொடங்குகிற இடத்தில் படம் சரிந்து, பச்சையும் ஊதாவுமாகக் கோடு கோடாகி, கீழே முழுக்கச் சாம்பல் நிறம். திரும்பத் திரும்ப இறக்கினேன். ஒவ்வொரு தடவையும் அதே நெற்றி. அக்காவிடம், படம் தெளிவில்லை என்று அச்சுக்காரர் எடுக்கவில்லை என்றேன். ஒரு பாவமும் அறியாத அச்சுக்காரர் தலையில் போட்டேன். தகப்பனின் நினைவு மலரில் மகனின் படம் இல்லாமல் போனது. "பரவாயில்லை தம்பி. உங்களிட்டைப் பத்திரமா இருக்குத்தானே, அது காணும்" என்றார் அக்கா. அதற்குப் பிறகு ஒவ்வொரு நவம்பரிலும், இறந்தவர்களுக்கான பூசை முடிந்து மெழுகுதிரி ஏற்றிவிட்டு வரும்போது, என் கையைப் பிடித்து, "பத்திரமா இருக்குத்தானே?" என்று கேட்பார். "ஓம் அக்கா." பத்து நவம்பர். எத்தனையோ ஞாயிறு பாவசங்கீர்த்தனத்தில் முட்டுக்காலில் இருந்து ஏதேதோ சில்லறைப் பாவங்களை எல்லாம் சொல்லியிருக்கிறேன். இதை மட்டும் சொல்லவில்லை.

நீ போய் இரண்டு கிழமை இருக்கும். மண்டபத்தில் அக்கா என்னிடம் வந்தார். "எனக்கும் கண் மங்கிக்கொண்டு வருது தம்பி. ஜெறோமைப் பெரிசா ஒண்டு அடிச்சுத் தாங்கோ. முகம் மறந்து போகுது" என்றார். வாய் பழக்கத்தில் "ஓம்" என்றுவிட்டது. வீட்டுக்கு வந்து சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் இருந்து அம்மாவுக்கு எல்லாவற்றையும் சொன்னேன். அம்மா ஏசுவார் என்று நினைத்தேன். ஏசியிருந்தால் லேசாக இருந்திருக்கும். "நாளைக்கே அருள்ராஜிட்டைக் கொண்டுபோங்கோ" என்று மட்டும் சொன்னார்.

அழித்துவிட மனமில்லாமல், திறக்கவும் துணிவில்லாமல் சேர்வரில் விட்டிருந்த அந்தப் பழுதான கோப்பை, இந்தமுறை பைனரியில் இறக்கிப் பென் டிரைவில் கொண்டுபோனேன். அருள்ராஜ் திறந்து பார்த்தார்.

"ஏண்ணே, பதினோரு வருஷமா இத யாருகிட்டயும் காட்டலையா?"

"வெக்கமாக் கிடந்தது தம்பி."

"வெக்கப்பட்டா ஃபைல் சரியாகுமாண்ணே? இது சாகலை. அங்கங்க ஒண்ணு ஒண்ணு உதிர்ந்து போச்சு, அவ்வளவுதான். எங்க உதிர்ந்துச்சுன்னு தேடணும். அன்னைக்கே குடுத்திருந்தா அன்னைக்கே தேடியிருப்பேன்."

வேலையால் வந்து பின்னேரங்களில் பத்து நாளுக்கு மேல் இருந்து தேடினார். விழுந்துபோன அடையாளத்தை ஒவ்வோரிடமாகப் போட்டுப் பார்ப்பதும், பிசகினால் எடுப்பதுமாக. முதலில் நெற்றி நேரானது. பிறகு கண். மடித்த கோட்டுக்குக் கிட்ட, அக்கா சொன்ன அதே இடத்தில். மூக்கு, சிரிப்பை அடக்கிக்கொண்ட வாய், வெள்ளைக் கொலர். அதற்குக் கீழே முடியவில்லை. நெஞ்சிலிருந்து சாம்பல்தான். "மிச்சம் என்னால முடியலண்ணே" என்றார். அந்த மனிதனுக்கு நான் என்ன கைமாறு செய்வேன்? முகம் பதினொரு வருடமும் அந்தக் கோப்புக்குள்ளேயே இருந்திருக்கிறது. அதை வெளியே வரவிடாமல் வைத்திருந்தது எழுத்து முறை அல்ல, என் வெட்கம். பழுதானதை அழிக்காதே, மகள். உன் கையால் பழுதானதென்றால் அன்றைக்கே தெரிந்த ஒருவரிடம் கொண்டுபோய்க் காட்டு.

போன சனிக்கிழமை மத்தியானம் படத்தைப் பெரிதாக அடித்துக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனேன். அம்மாவும் வருகிறேன் என்றார், வேண்டாம் என்றேன். அக்கா படத்தை யன்னலடிக்குக் கொண்டுபோய்க் கண்ணுக்குக் கிட்டப் பிடித்துக்கொண்டு நின்றார். எவ்வளவு நேரம் என்று தெரியாது. தேத்தண்ணிக்கு வைத்த கேத்தில் கொதித்துத் தானாக நின்றது. விரலால் கண்ணைத் தொட்டார், வாயைத் தொட்டார். விரல் கீழே வந்தது.

"மெழுகுதிரி எங்க?"

"அது வரேல்லை அக்கா. நான் துலைச்சுப்போட்டன்." எல்லாவற்றையும் சொன்னேன். எழுத்து முறையை, கிரிக்கெற்றை, பெட்டியடியில் நின்றதை. அச்சுக்காரரில் பிழை இல்லை என்பதையும் சொன்னேன்.

அக்கா என்னைப் பார்க்கவில்லை. "பெட்டி மூட முன்னம் உமக்குத் தெரியும்."

எப்போதும் 'நீங்கள்' என்பவர், அவர் ஒருநாளும் என்னை 'நீர்' என்று கூப்பிட்டதில்லை.

"சந்தேகம் இருந்தது அக்கா."

"ஒவ்வொரு வருசமும் ஓம் ஓம் எண்டீர்."

"ஓம்" என்றேன்.

அவர் தேத்தண்ணி போடவில்லை. நானும் எழும்பவில்லை. பிறகு நான், மகளுக்குப் பங்கு மலரில் ஒரு கடிதம் எழுதப்போகிறேன், சனத்துக்கு முன்னால் பொய் சொன்னவன், அதே சனம் வாசிக்கிற இடத்தில் இதையும் எழுத நினைக்கிறேன், வேண்டாம் என்றால் எழுதமாட்டேன் என்றேன். "எழுதும்" என்றார். "என்ர பிள்ளையின்ர பேரைப் போட்டு எழுதும். படத்தையும் போடும்." நான், அப்படியென்றால் கீழே உள்ள சாம்பலை வெட்டிவிட்டு முகத்தை மட்டும் அழகாகப் போடுகிறேன் என்றேன். அப்போதுதான் அவர் திரும்பி என்னைப் பார்த்தார்.

"வெட்டக்கூடாது. அதுக்குள்ளதான் அவன்ர கை இருக்கு."

மன்னித்துவிட்டார் என்று எழுத ஆசைதான். அவர் அப்படி ஒன்றும் சொல்லவில்லை. நான் கேட்கவுமில்லை. வாசலில் சப்பாத்தைப் போடும்போது, "பஸ் ஸ்ரொப் வரைக்கும் வழுக்கும், பாத்துப் போம்" என்றார். அவ்வளவுதான்.

உனக்கு அம்மா அனுப்பும் மிளகாய்த்தூள் பார்சலுக்குள் ஒரு பென் டிரைவ் வரும். அதில் அந்தப் படமும் இந்தக் கடிதமும் இருக்கின்றன. பாஸ்வேர்டைப் பார்சலில் வைக்கவில்லை. போனில் சொல்வேன், நீ உடனே மாற்று. அருள்ராஜிடம் ஒரு பிரதி, அக்காவின் சுவரில் ஒன்று, என்னிடம் ஒன்று. நீ வெப்சைற்றில் முதலாவதாக ஏற்றப்போவது ஜெறோமைத்தான். பெயரை ஆங்கிலச் சின்ன எழுத்தில் வை. பைனரியா என்று பார். நகர்த்தாதே, பிரதி எடு. முடிந்ததும் இரண்டு பக்கத்து அளவையும் இலக்கம் இலக்கமாக ஒப்பிடு. ஆஸ்பத்திரியில் படம் எடுக்க முன் ஒவ்வொருவரிடமும் பெயரும் பிறந்த திகதியும் கேட்பேன், தெரிந்த ஆளாக இருந்தாலும் கேட்பேன் என்று நீ சொன்னாயே, அந்தக் கவனத்தோடு. பிறகு அதை இறக்கி, திறந்து, எனக்குப் போன் எடு.

நான், "சரியா வந்திட்டுதோ பிள்ளை?" என்று கேட்பேன். பழக்கம். நீ "ஓம் அப்பா" என்று சொல்லாதே. கண்ணைத் திரையில் வைத்துக்கொண்டு, மேலே இருந்து கீழே, என்ன தெரிகிறது என்று சொல். தலைமயிர் தெரியுது, வகிடு தெரியுது, கண், கொலர் என்று ஒவ்வொன்றாகச் சொல். சாம்பல் வந்ததும் நிறுத்தாதே. அது எவ்வளவு தூரம் போகிறது என்பதையும் சொல்லு, மகள். நான் கேட்டுக்கொண்டிருப்பேன்.

அப்பா